சிறு குழந்தைகளோடு குன்னூரில் ஒரு நாள்: மலை ரயிலும் சிம்ஸ் பூங்காவும் – முழுமையான வழிகாட்டி

கீழே இருந்து ஒரு நாள் பயணமாக நீலகிரிக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் வண்டிக்காரர் நீட்டும் பட்டியலைத்தான் பிடித்துக்கொள்கின்றன. லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் காட்சிமுனைகள், சிம்ஸ் பூங்கா, தேயிலைத் தொழிற்சாலை, அப்படியே ஊட்டிக்குப் போய் ஏரி, தாவரவியல் பூங்கா, முடிந்தால் தொட்டபெட்டா. பெரியவர்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நாள் முழுக்கக் காரின் பின்சீட்டிலேயே போய்விடும். வாந்தி எடுக்கும், தூங்கும், எழுப்பினால் அழும். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் இறக்கி, படம் எடுத்து, மறுபடி ஏற்றுவதற்குப் பிள்ளைகளை எதற்கு இவ்வளவு தூரம் கூட்டி வரவேண்டும்?

குன்னூரில் குடியிருப்பவள் என்ற முறையில் நான் சொல்வது இதுதான். இரண்டு முதல் ஏழு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஒரு நாளில் இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று மலை ரயில், மற்றொன்று சிம்ஸ் பூங்கா. ரயில் நிலையம் ஊரின் கீழ்ப்பகுதியில், பஸ் ஸ்டாண்டு பக்கம். பூங்கா மேல் குன்னூரில். இரண்டுக்கும் இடையே மூன்று கிலோமீட்டருக்குள்தான். நடுவில் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். இப்படி வந்துபோன பிள்ளைகள் மறுபடி எப்போது போகலாம் என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை என்பதால் எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள். வேறு வழியே இல்லை என்றால் வாருங்கள். ஆனால் சனி, ஞாயிறை விட்டுவிட்டு செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாளை எடுங்கள். மே மாதத்தில் ஊட்டி மலர்க்காட்சியும் சிம்ஸ் பூங்கா பழக்காட்சியும் நடக்கும் வார இறுதிகளில் மலைப்பாதையில் வண்டிகள் அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். கொண்டை ஊசி வளைவில் ஒரு மணி நேரம் நின்ற காருக்குள் இரண்டு வயதுக் குழந்தையைச் சமாளிப்பது யாருக்கும் நல்லதல்ல.

இன்னும் பள்ளிக்குப் போகாத பிள்ளை என்றால் உங்களுக்கு வருடம் முழுக்கத் தேதி இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் அருமையான காலம். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் ஊட்டியின் மேற்குப் பக்கத்தையும் அடித்து நனைக்கும்போது, மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூரில் தூறல்தான் அதிகம். இங்கே கனமழை பெய்வது வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. அந்த மாதங்களில் மலை ரயில் பாதையில் மண் சரிவதும் பாறை உருளுவதும் ரயில் ரத்தாவதும் வழக்கம். சாலையிலும் மரம் விழும். சிறு குழந்தைகளோடு அப்போது வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் வெயில் பளிச்சென்று இருக்கும், காலையும் மாலையும் நடுக்கும். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். ஊட்டி அதைவிடச் சுமார் 400 மீட்டர் மேலே. அந்த வித்தியாசத்தால் இங்கே இரண்டு மூன்று டிகிரி குளிர் குறைவு. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஊட்டியைவிடக் குன்னூர் ஏற்றது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வந்தால் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வைக்கிறார்கள். 2025இல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று இருந்தது. அதனால் தேதி முடிவானதும் முதல் வேலையாக இ-பாஸ் எடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் வண்டியை ஓரம் கட்டிப் போனில் பதிவு செய்துகொண்டிருக்கும் குடும்பங்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு அடிக்கடி பஸ் உண்டு.

அடுத்தது ரயில் டிக்கெட். எந்தப் பகுதியில் ஏறுவது என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். முன்பதிவு செய்வதானால் ஐஆர்சிடிசியில் 60 நாட்களுக்கு முன்பே திறக்கும், சீசன் தேதிகள் உடனே தீர்ந்துவிடும். 5 வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் தனி இருக்கையும் கிடையாது, மடிதான். பெட்டிகள் சின்னவை, முழங்கால் இடிக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஒரு இருக்கை வாங்கிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம்.

பையில் என்ன வைப்பது

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீர் பாட்டில், கேரி பேக், பிளாஸ்டிக் டம்ளர் எதையும் கொண்டுவராதீர்கள். சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில், வெந்நீருக்கு ஒரு ஃபிளாஸ்க். பாட்டிலை நிரப்பிக்கொள்ள ஊருக்குள்ளும் வழியிலும் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.

பிள்ளைக்கு இரண்டு மாற்று உடை என்று எல்லோரும் எடுத்து வைப்பார்கள். பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கும் ஒரு மாற்று உடை வேண்டும் என்பது யாருக்கும் தோன்றாது. மூடி இறுக்கமான ஒரு பழைய டப்பாவை வாந்திக்கென்று ஒதுக்கி, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கழுவி மறுபடி பயன்படுத்தலாம். ஈரத்துண்டு, ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா. குடையைவிட மழைக்கோட்டு நல்லது, இங்கே காற்றில் குடை திரும்பிவிடும். உங்கள் குழந்தை மருத்துவர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்தும் ஓஆர்எஸ் பொடியும் இருக்கட்டும். நனைந்த துணிக்கு ஒரு துணிப்பை. பயன்படுத்திய டயப்பருக்கு இன்னொரு மூடி போட்ட டப்பா, அதைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே டயப்பரை வீசிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அந்தச் செடிகளுக்குள் கைவிட்டுக் கொழுந்து பறிக்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள்.

தள்ளுவண்டியைக் கொண்டுவர வேண்டாம். ஊர் முழுக்க ஏற்றமும் படிக்கட்டும்தான். குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பை இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால் ஒரு பருத்திச் சேலையே போதும்.

கொண்டை ஊசி வளைவுகள்

கோவையிலிருந்து வருபவர்கள் காலை ஆறு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வரை சமதளம். அதன் பிறகு கல்லாறு, பர்லியார், காட்டேரி என்று மலை ஏறும் பாதையில்தான் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். உடம்பு வளைவில் திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ காருக்குள் அசையாத சீட்டையோ போன் திரையையோ பார்க்கிறது. இந்த இரண்டு தகவலும் ஒத்துப்போகாமல்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது அதிகம்.

அதனால் மேட்டுப்பாளையம் தாண்டியதும் போனை வாங்கி வைத்துவிடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தூரத்து மலையைப் பார்க்க வையுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக் காற்று வரட்டும். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் கண் வெளியே இருப்பதுதான் முக்கியம். வீட்டில் கிளம்பும்போது பால் கொடுத்து வயிற்றை நிரப்பாதீர்கள், பட்டினியும் போடாதீர்கள். ஒரு இட்லி, இல்லை இரண்டு பிஸ்கட். வழக்கமாக வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் மருந்து பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஏற ஏறக் காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்வோம், குழந்தைக்கு அது தெரியாது. காரணம் புரியாமல் அழும். சிறு சிறு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால். நான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கெட்டி மிட்டாய் வேண்டாம், வளைவில் தொண்டையில் சிக்கும்.

பாதி வழியில் பர்லியாரில் நிறுத்தலாம். சாலையோரம் பழக்கடைகள் வரிசையாக இருக்கும். இங்கேயும் கல்லாறிலும் தோட்டக்கலைத் துறையின் பழைய பழப்பண்ணைகள் இருப்பதால் மங்குஸ்தான், துரியன் போன்ற பழங்கள் சீசனில் கிடைக்கும். பிள்ளைகளைக் கீழே இறக்கிக் கால் நீட்ட விடுங்கள். ஆனால் தின்பண்டத்தைக் கையில் கொடுக்காதீர்கள். குரங்குகள் அதற்காகவே காத்திருக்கும்.

மேலே வந்ததும் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வேடிக்கை. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் உப்பிப் புடைத்துக்கொண்டு நிற்கும். குன்னூர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்றோ கீழே இருந்த அதே காற்று, அதனால்தான் அது வெளியே தள்ளுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

காலை 10 மணி: குன்னூர் ரயில் நிலையம்

காலை எட்டரை, ஒன்பதுக்குள் குன்னூர் வந்து, சூடாகப் பொங்கலோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு ரயில் நிலையத்தில் இருங்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக் கழிவறையைப் பயன்படுத்திவிட்டு வந்து உட்காருங்கள்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் நீராவி ரயில் பத்தரை மணி வாக்கில் இங்கே வந்து சேரும். இந்த நாளின் மிகப் பெரிய காட்சி இதுதான், இதற்குப் பிளாட்பாரம் டிக்கெட்டுக்கு மேல் செலவில்லை. முதலில் தூரத்தில் விசில். பிறகு புகை. பிறகு பெட்டிகள் வரும், எஞ்சினைக் காணோம்! பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். எஞ்சின் கடைசியில் இருக்கிறது. மலை ஏறும்போது அது பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. நடுவில் இணைப்பு ஏதாவது அறுந்தாலும் பெட்டிகள் சரிவில் தனியாக உருண்டு போய்விடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். அவருக்குக் கையசைத்தால் அவரும் கையசைப்பார்.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பதில் தெரிந்துகொண்டு வாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறும். இந்தப் பாதையில் 12.5 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வழவழப்பான சக்கரத்தால் அந்த ஏற்றத்தில் நிற்கவே முடியாது. தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் இரும்புப் பட்டைகள் இரண்டு வரிசை, ஒன்றின் பல்லும் மற்றொன்றின் பல்லும் ஒரே இடத்தில் வராமல் மாற்றி மாற்றி அமைந்திருக்கும். ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியில் இருக்கும். ஆப்ட் முறை என்பார்கள். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவில்தான்.

1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் இந்தப் பாதை திறக்கப்பட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. பின்னாளில் வந்தவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்களே செய்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு எண்கள் பிடிக்கும். குகைகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் ரயிலில் போகும்போது விரல்விட்டு எண்ணிக்கொண்டே வருவான்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். இந்த வேலை நடக்கும்போது பிளாட்பாரத்தில் நின்று பார்க்கலாம். மஞ்சள் கோட்டுக்கு வெகு பின்னால் நில்லுங்கள். நீராவி வெளியேறும் ஓசையிலும் விசிலிலும் இரண்டு வயதுக் குழந்தை மிரண்டுவிடும். முதலில் தள்ளி நின்று, காதைப் பொத்திக்கொண்டு, பயம் தெளிந்த பிறகு கிட்டே போங்கள். அழுகிற பிள்ளையை எஞ்சின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கவே வேண்டாம்.

ரயிலில் ஏறுவதா, எங்கிருந்து எங்கே

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை முழுப் பயணம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பெட்டிகளில் கழிவறை கிடையாது. ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போதுதான் இறங்க முடியும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாள் அனுபவம், தாராளமாகப் போங்கள். அதற்குக் கீழே என்றால் வேண்டாம் என்பேன். முதல் ஒரு மணி நேரம் கொண்டாட்டமாக இருக்கும். மீதி நேரம் பிள்ளைக்கும் கஷ்டம், எதிரில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவருக்கும் கஷ்டம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது குன்னூர்–ஊட்டிப் பகுதி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நான்கு குட்டி நிலையங்கள். கேத்தி வரும்போது பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் தோட்டங்கள் விரியும். நடுநடுவே படுகர் இன மக்களின் ஊர்களான ஹட்டிகள் வரிசை வீடுகளாகத் தெரியும். வீட்டில் கேரட் சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு அது மண்ணுக்குள் இருந்து வருவதை இங்கே காட்டலாம்.

ஊட்டியில் தங்கியிருப்பவர்களுக்கு என் யோசனை: காலையில் ஒன்பது மணியை ஒட்டி ஊட்டியிலிருந்து கிளம்பும் ரயிலில் குன்னூருக்கு இறங்கி வாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே கீழே இருந்து நீராவி ரயிலும் வந்து சேரும். ஒரே காலையில் பயணமும் ஆயிற்று, எஞ்சினையும் பார்த்தாயிற்று. திரும்பிப் போக மாலை ரயிலோ பஸ்ஸோ இருக்கிறது. ரயில் நேரங்களை முந்தின நாள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே இருந்து காரில் வந்து அன்றே திரும்புபவர்கள் ரயிலில் ஏறியே ஆகவேண்டும் என்றில்லை. ஏறுவதானால், பத்தரைக்கு வரும் ரயிலிலேயே குன்னூரிலிருந்து ஊட்டிக்கு முன்பதிவு செய்துகொண்டு, காரைச் சாலை வழியாக ஊட்டி நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே இறங்கியதும் ஊட்டிக்குள் சுற்றாமல் நேராகக் குன்னூருக்குத் திரும்புங்கள். ஊட்டியில் இறங்கிவிட்டு ஏரியை மட்டும் ஒரு எட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். அந்த ஒரு எட்டு மதியத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

சிம்ஸ் பூங்கா

ஸ்டேஷனில் ரயிலைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பதினொன்றரைக்குப் பூங்காவில் இருக்கலாம். நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறை வைத்திருங்கள்.

1874இல் சென்னை அரசின் செயலராக இருந்த ஜே.டி. சிம்மும் மேஜர் மர்ரேயும் தொடங்கிய தோட்டம் இது. 12 ஹெக்டேர் பரப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள். இயற்கையான பள்ளத்தாக்கு அது. சரிவை மட்டப்படுத்தாமல், இருந்த சோலை மரங்களை அப்படியே விட்டு, நடுவே வெளிநாட்டு மரங்களை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஊட்டித் தாவரவியல் பூங்காவைவிட எனக்கு இது பிடிக்கும். அங்கே பூப்பாத்திகளின் அழகு அதிகம். இங்கே நிழலும் அமைதியும் அதிகம், பிள்ளைகள் ஒளிந்து விளையாட இடமும் அதிகம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று: வாசல் மேலே, குளம் கீழே. இறங்குவது இன்பம். ஓடியாடிக் களைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதுதான் வேலை. அதனால் நேராகக் குளத்துக்கு ஓடாமல் மேலிருந்து மெதுவாக, ஒவ்வொரு மரமாக நின்று இறங்குங்கள். ஏறுவதற்கென்று அரை மணி நேரமும் கொஞ்சம் தெம்பும் மிச்சம் வையுங்கள். குழந்தையைத் தூக்கும் முறையைத் தாயும் தந்தையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் இது மரம், இது செடி என்று மட்டும் சொன்னால் போதாது, தேடச் சொல்லுங்கள். ருத்ராட்ச மரத்தைத் தேடச் சொல்லலாம். நீல நிறப் பழத்துக்குள் இருக்கும் கொட்டைதான் தாத்தா கழுத்தில் போட்டிருக்கும் ருத்ராட்சம் என்றால் நம்ப மாட்டார்கள். மரப்பெரணிகளைக் காட்டுங்கள். தென்னையைப் போல் தண்டும் உச்சியில் விரிந்த இலையும் இருந்தாலும் அது பூக்காது, காய்க்காது. டைனோசர்கள் வருவதற்கு முன்பே உலகில் இருந்த பெரணி வம்சம் அது. அடியில் நின்று பார்த்தால் இளம் இலை சுருட்டி வைத்த நத்தைக் கூடாகத் தெரியும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அளவு வாரியாக அடுக்க விடுங்கள், ஐந்து வயதுப் பிள்ளை அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். செடியில் இருக்கும் பூவைப் பறிக்கக்கூடாது, கீழே விழுந்ததை எடுத்துப் பார்க்கலாம் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

விளையாட்டுத் திடல் இருக்கிறது. பிள்ளைகளின் கண்ணில் அது பட்டுவிட்டால் மரங்களை மறந்துவிடுவார்கள், அதனால் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே குளத்தில் மிதி படகு உண்டு. படகில் ஏறினால் உயிர்காப்புச் சட்டை பிள்ளையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்வாக இருந்தால் ஏறாதீர்கள். மேலே இருக்கிறது என்று பேருக்குப் போட்ட சட்டை தண்ணீரில் கழன்றுவிடும்.

பூங்காவிலிருந்து வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் பாஸ்டர் நிறுவனத்தின் பழைய கட்டடம் தெரியும். நாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காக 1907இல் தொடங்கியது. உள்ளே போகத் தேவையில்லை, அந்தக் கம்பீரமான கட்டடத்தை வெளியிலிருந்து காட்டினால் போதும்.

சாப்பாடும் தூக்கமும்

ஒரு மணிக்குள் சாப்பாடு. கையில் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம் இருந்தால் அதுவே சிறந்தது, குளிருக்குத் தயிரைக் கொஞ்சம் குறைத்துப் பாலைச் சேர்த்துப் பிசையுங்கள். ஹோட்டலுக்குப் போனால் பிள்ளைக்குச் சூடான ரசம் சாதம் கேளுங்கள். சீசனில் ஒரு மணிக்கு மேல் எல்லா ஹோட்டலிலும் கூட்டம், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.

வர்க்கியை மறக்க வேண்டாம். அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும் எங்கள் மலை வர்க்கிக்கு 2023இல் ‘ஊட்டி வர்க்கி’ என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியவர்கள் டீயில் தொட்டுச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குப் பாலில். பேக்கரியில் அன்று சுட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது பிள்ளைகள் தூங்கட்டும். காரை நிழலில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு பெரியவர் கூடவே இருங்கள். இந்த இடத்தில்தான் லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் ஆசை தலைதூக்கும். குறுகலான வளைவுச் சாலை. போய்ச் சேரும்போது பனிமூட்டம் இறங்கியிருந்தால் வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. காலையில் வாந்தி எடுத்த பிள்ளை மறுபடி எடுக்கும். அதற்கு இன்னொரு வருடம் வரலாம்.

மழை பிடித்துக்கொண்டால் மட்டும் திட்டத்தை மாற்றி, பார்வையாளர்களை அனுமதிக்கும் ஏதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போங்கள். பச்சை இலை வாடி, நசுங்கி, பழுப்பாகி, உலர்ந்து தூளாவதை இருபது நிமிடத்தில் பார்த்துவிடலாம். வாசனை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இயந்திரங்களின் பக்கம் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

குரங்கு, காட்டெருமை, உடம்பு

குரங்கைப் பார்த்தால் பிள்ளைகள் கையில் இருப்பதை நீட்டுவார்கள். நீட்டக்கூடாது. கடித்தாலோ கீறினாலோ, நாய்க்கடிக்குச் செய்வதுபோலவே உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 108.

தேயிலைத் தோட்டத்திலும் சில சமயம் தெருவிலுமே காட்டெருமை நிற்கும். மாடு மாதிரி சாதுவாக மேயும், அதை நம்பிக் கிட்டே போய்ப் படம் எடுத்து அடிபட்டவர்கள் உண்டு. பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சத்தம் போடாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். யாரோ நிற்கிறார்களே என்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே படம் எடுக்கக் குழந்தையை நிறுத்தும் முன் சுற்றிலும் ஒரு முறை பாருங்கள்.

குளிராக இருக்கிறதே என்று வெயிலை மறந்துவிடுவோம். உயரத்தில் வெயில் சுள்ளென்று தோலைச் சுடும், பிள்ளைகளின் கன்னம் சாயந்தரம் சிவந்துவிடும். தொப்பி போடுங்கள். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் அடிக்கடி வரும். கழிவறை கண்ணில் பட்டபோதெல்லாம் கூட்டிப் போவதும் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு.

இறங்கும் வழி

ஊட்டியிலிருந்து 2 மணிக்குக் கிளம்பும் ரயில் மூன்றேகால், மூன்றரைக்குக் குன்னூரைத் தாண்டும். இங்கிருந்து கீழே அதை மறுபடி நீராவி எஞ்சின் கொண்டுபோகும். தூங்கி எழுந்த பிள்ளைகளை இன்னொரு முறை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் டாட்டா காட்ட வையுங்கள். ஊருக்குக் கிளம்ப அடம்பிடிக்கும் பிள்ளையும் ரயிலே வீட்டுக்குப் போகிறது என்றால் காரில் ஏறிவிடும்.

நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மாலையில் மூடுபனி சாலையை மூடும், இருட்டில் வளைவுகள் சோதிக்கும். கூட்டம் அதிகமான நாட்களில் இறங்கும் வண்டிகளைப் போலீஸ் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவது உண்டு, பதற வேண்டாம், அதுவும் மேட்டுப்பாளையத்துக்கே வந்து சேரும் நல்ல பாதை. வண்டி ஓட்டுபவர் இரண்டாவது கியரில் இறங்கட்டும். பிரேக்கை மட்டும் நம்பி, நியூட்ரலில் விட்டு இறங்கவே கூடாது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

இறங்கும்போதும் காது அடைக்கும், குமட்டும். காலையில் செய்தது எல்லாம் மாலைக்கும் பொருந்தும்: போன் பைக்குள், கண் வெளியே, டப்பா கைக்கு எட்டும் இடத்தில். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாலும் வர்க்கியும் முடிந்திருக்கட்டும். இரவுச் சாப்பாட்டை மேட்டுப்பாளையம் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்வெட்டரைக் கழற்றிவிடவும் மறக்காதீர்கள். கீழே வந்ததும் புழுக்கம் தாங்காமல்தான் பல பிள்ளைகள் கோவை ரோட்டில் அழுதுகொண்டே போகிறார்கள்.